அக்டோபரில் பூத்த மே மலர்

மே மலருக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றக் கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் எழுத்தர் பெண் காலையிலிருந்து இரண்டு தடவை அந்த ஜன்னலோரத் தொட்டியில் குவளை குவளையாக ஊற்றிவிட்டாள். வேர் அழுகிப் போகும். அது போக, இந்த அறையில் பொழுது சாய்ந்த பிறகும் குழல்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அப்படி எரிந்தால் அது பூக்கவே பூக்காது. செடி சாகாது, கணு கணுவாக நீண்டுகொண்டே போகும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், ஐயா. என் பெயர் ஜந்தீரா. நோவா ஃப்ரிபுர்கோவில், மலையைக் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்களே, அந்தத் தெருவில் இருக்கிறேன். உள்ளாடைக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை. என் கணவர் அதெமார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு, யாரும் கேட்காமலே கொய்யா மரத்தில் ஏணி சாய்த்து ஏறி, விழுந்து, இடுப்பை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து கட்டிலோடு கட்டில். ஒரே மகன் ரொஜேரியோ, ரியோவுக்குப் பக்கத்தில் நித்தெரோயில் லிஃப்ட் பழுது பார்க்கிறான்.

செடியைப் பற்றித் தெரியாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. அது கள்ளி என்றால் பலர் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் முள் கிடையாது. நண்டுக் கால் மாதிரித் தட்டையாகத் தொங்கும். ஒவ்வொரு நுனியிலும் ஒரு இளஞ்சிவப்புப் பூ. வெளிநாட்டில் அதையே கிறிஸ்துமஸ் கள்ளி என்கிறார்களாம். நமக்கு மே மாதம் பூப்பதால் மே மலர். காசு கொடுத்து வாங்கினால் பிடிக்காது, திருடி நட்டால்தான் பிடிக்கும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்புகிறோம். என்னுடையது கல்யாணமான புதிதில் மாதா கோயில் வாசலிலிருந்து கிள்ளி வந்தது. பாதிரியார் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடையதும் எங்கோ கிள்ளியதுதான்.

மே மாதம் முழுக்க மாதாவின் மாதம். சிறு பெண்கள் முதுகில் சிறகு கட்டிக்கொண்டு மாதாவுக்கு முடி சூட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு தொட்டி பீடத்துக்குப் போகும். ஒன்றிரண்டு வாரம் பூத்திருக்கும், பிறகு கொட்டிவிடும். மீதி வருடமெல்லாம் சும்மா பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். எரு போடு, பூச்சி பொறுக்கு, வெயிலில் இருந்து நகர்த்து. எல்லாம் எதற்கு, இந்தக் கொஞ்ச நாளுக்கா?

என் மகனும் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவான், அதுவும் மே மாதம். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவான், ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவான். மொட்டு விரிந்ததும் போன் செய்வேன்.

“பூத்துடுச்சுடா.”

“சரிம்மா, வர்றேன்.”

பேச்சு அவ்வளவுதான். ஒரே ஒரு வருடம் செடி பூக்கவில்லை. அதெமார் விழுந்த வருடம் அது. அவரை ரியோவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் அங்கும் இங்குமாக அலைந்ததில் செடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மே மாதம் ரொஜேரியோ எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. எனக்குப் பெரிய படிப்பு கிடையாது ஐயா, ஆனால் இதற்குப் படிப்பு வேண்டாம். பூத்தால் வருகிறான். பூக்காவிட்டால் வருவதில்லை.

நீ கூப்பிட்டுப் பார்க்கவில்லையா என்பீர்கள். கூப்பிடாமல் இருப்பேனா. கிறிஸ்துமஸ் என்றால் அது மனைவி வீட்டார் முறை. ஈஸ்டர் என்றால் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும். “பாக்கலாம்மா” என்பான். எத்தனை வருடம்தான் பார்ப்பது. அடுத்த வீட்டு லூர்தெஸின் மகன் ஞாயிறு தவறாமல் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பான். அதில் அவளுக்கு ஒரு பெருமை. வேலியில் சாய்ந்துகொண்டு என் வாயைப் பிடுங்குவாள்.

“ஏன் ஜந்தீரா, உனக்கு நெசமாவே ஒரு பையன் இருக்கானா, இல்ல செவுத்துல மாட்டியிருக்கிற போட்டோதானா?”

“மே மாசம் வருவான்.”

“மாதாவே மே மாசம் பூரா நம்மகூட இருக்கா. உன் மகன் ஒரு ராத்திரி தங்கறான். அவளவிடப் பெரிய மனுஷனா அவன்?”

நான் சிரித்துவைத்தேன். உள்ளே போய்த் தைக்க உட்கார்ந்தால் கொக்கிகளெல்லாம் தலைகீழாகப் போயின. அத்தனையையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். வயிற்றெரிச்சல் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வருடத்துக்கு இரண்டு தடவை பூக்கவைக்க முடியும் என்று சொன்னவளும் அதே லூர்தெஸ்தான். அவளுடைய அக்கா மகள் போர்ச்சுகலில் இருக்கிறாள். செப்டம்பரில் செடியைக் கொண்டுபோய் இருட்டில் வை, கிறிஸ்துமஸுக்குப் பூக்கும் என்று அவள் சொல்லியனுப்பினாளாம். கிறிஸ்துமஸுக்குப் பூத்தால் அவன் மனைவி வீட்டுக்குப் போக மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. துணி அலமாரியைக் காலி செய்து செடியை உள்ளே வைத்தேன். அக்டோபர் போனது, நவம்பர் போனது. மழையும் புழுக்கமும் சேர்ந்து கணுக்கணுவாக அழுகத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அலமாரியைத் திறந்தபோது பூஞ்சை வாடைதான் வந்தது. எங்கள் தெருவில் நாலைந்து பேர் அந்த வருடம் இதே முட்டாள்தனத்தைச் செய்தோம். அங்கே குளிர் தொடங்கும்போது நமக்கு வெக்கை தொடங்குகிறது என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை. செடி காலண்டர் பார்க்காது. இரவு நீளமாக வேண்டும், குளிராக வேண்டும், மண் காய்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அதற்கு எந்த மாதமும் மே மாதம்தான்.

அழுகியதை வெட்டிப்போட்டு நல்ல துண்டுகளை மறுபடி நட்டேன். அடுத்த மே மாதம் பாவம், ஏழெட்டுப் பூதான். ரொஜேரியோ வந்தான். ஞாயிறு கிளம்பும்போது பஸ் ஜன்னலில் அவன் முகத்தைப் பார்த்தேன். பஸ் திரும்புவதற்கு முன்பே போனில் எதையோ பார்க்கத் தொடங்கிவிட்டான். இன்னும் ஒரு வருடம் காத்திருக்க என்னால் முடியாது என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் குளிரும் இருட்டும் சேர்ந்த இடம் ஒன்றுதான். பின்னறை. அதன் பின்சுவர் பாறையை ஒட்டியிருக்கிறது. ஆகஸ்டில் அந்தச் சுவரில் கை வைத்தால் கை மரத்துப் போகும். ஒரே ஒரு சின்ன ஜன்னல். அந்த அறையில்தான் அதெமாரைப் படுக்கவைத்திருந்தோம், குளியலறைக்குப் பக்கம் என்பதால். முன்னறையில் என் தையல் மிஷினும் துணி மூட்டைகளும். நடு அறையில் அடுப்பு. நீங்களே வந்து பாருங்கள், வேறு எங்கே வைக்க முடியும்?

அவரிடம் கேட்டுத்தான் செய்தேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

“சாயங்காலத்துலேர்ந்து விடிஞ்சு வெயில் ஏறுற வரைக்கும் வெளிச்சமே இருக்கக் கூடாது கிழவா. பரவாயில்லையா?”

“பூக்கப் போறது நானா, அதுவா?”

“உனக்கு அந்த வயசெல்லாம் போயிடுச்சு. அதுதான்.”

“ரொஜேரியோ வருவானா?”

“பூத்தா வருவான்.”

“அப்பச் சரி. கூட ஒரு ஆள் இருந்த மாதிரியும் ஆச்சு.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு தொட்டியை அவர் கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரி மேல் வைத்து, ஜன்னலில் கறுப்பு சாட்டின் துணியை மூன்று மடிப்பாக வைத்து ஆணி அடித்தேன். நல்ல துணி, ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாது. துணிக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியைத் திறந்தே வைத்தேன், குளிர் வர வேண்டுமே. பகலில் கொஞ்ச நேரம் அறைக் கதவைத் திறந்து வைப்பேன், செடிக்கு அந்த வெளிச்சம் போதும்.

ஒரு கண நேரம் விளக்கைப் போட்டாலும் அன்றைய இரவு வீண். செடிக்கு அது விடிந்துவிட்ட மாதிரி. இதை அவருக்கு எத்தனை முறை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. கட்டிலோரம் தொங்கும் கயிறை இழுத்து விளக்கைப் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், மணி பார்த்தேன் என்பார். படுத்துக் கிடப்பவருக்கு மணி எதற்கு? பல்பைக் கழற்றிவிட்டேன். அப்புறம் அவருடைய ரேடியோ. கால்பந்து கேட்பார். அதன் முகப்பில் ஒரு பச்சை விளக்கு, கடுகளவுதான். கடுகளவு என்றாலும் வெளிச்சம் வெளிச்சம்தானே. அதையும் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினார். பிறகு போன்.

போனைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். அது மணி அடிக்கும்போதெல்லாம் அறையே வெளுத்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் ரொஜேரியோ அவரைக் கூப்பிடுவான். என்ன பேசுவார்களோ, அவர் சிரிக்கிற சத்தம் முன்னறை வரைக்கும் கேட்கும். என்னவாம் என்று கேட்டால் “சும்மாதான்” என்பார். நான் பெற்றவன் என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவான், அவரிடம் மட்டும் என்ன சும்மா? ஆனால் நான் போனை எடுத்தது அதற்காக இல்லை. வெளிச்சத்துக்காக மட்டும்தான் எடுத்தேன்.

அதன் பிறகு அவன் என்னைக் கூப்பிட்டான்.

“அப்பா ஏம்மா போன் எடுக்க மாட்டேங்கிறார்?”

“தூங்கறார்டா.”

“ஆறு மணிக்கா?”

“இருட்டினா தூங்கற வயசுதானே.”

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அவன் என்னைக் கூப்பிட்டதே அபூர்வம். அந்த மாதம் நாலைந்து தடவை கூப்பிட்டான். செடி இன்னும் மொட்டே விடவில்லை, அதற்குள் பலன் தெரிகிறது என்று நினைத்தேன்.

சூடு ஆகாது என்பதால் சின்ன ஹீட்டரை வெளியே எடுத்தேன். வெந்நீர்ப் பையையும் நிறுத்தினேன். கம்பளியைத் தொடவில்லை, அதை யாரும் சொல்ல முடியாது. வாழைப்பழம் பக்கத்தில் இருந்தால் மொட்டு உதிரும் என்று கேள்வி. அவருக்கு வாழைப்பழம் உயிர், ஆனாலும் நிறுத்தினேன். தண்ணீர் மட்டும் கொஞ்சம் சங்கடம். மாலையில் குடித்தால் ராத்திரி ஒன்றுக்குப் போகப் பாத்திரம் கேட்பார், நான் கதவைத் திறக்க வேண்டும், நடு அறை வெளிச்சம் உள்ளே விழும். அதனால் மதியத்துக்கு மேல் அவருக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. காலையில் நான் கதவைத் திறக்கும்போது கேட்பார்:

“ஜந்தீரா, இப்ப பகலா, ராத்திரியா?”

“எதுவா இருந்தா உனக்கென்ன? பஸ்ஸ எடுக்கப் போறியா?”

முதலில் அதற்குச் சிரிப்பார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார். நான் செடியின் நுனிகளைத்தான் பார்ப்பேன். குண்டூசித் தலை அளவுக்கு ஏதாவது தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். வாரம் வாரமாக ஒன்றுமில்லை. அந்த எரிச்சலை நான் அவர் மேல் காட்டியிருக்கலாம். கத்தியிருக்கிறேன். அடித்ததில்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை, நுனி நுனியாகச் சிவப்புப் புள்ளிகள். எண்ண முடியாத அளவுக்கு. மே மாதத்தில்கூட அத்தனை வந்ததில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதெமாரும் அழுதார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அப்போதே இருமல் தொடங்கியிருந்தது.

மொட்டு விட்ட பிறகு செடியை நகர்த்தக் கூடாது. தொட்டியைத் திருப்பி வைத்தாலே மொட்டு கொட்டிவிடும், இது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வெளிச்சம் பட்டால் பாதகமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை. சுகாதார நிலையத்துப் பெண் வழக்கம்போல அவரைப் பார்க்க வந்து, வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறார், தூங்குகிறார் என்று அனுப்பிவிட்டேன். இது பொய். ஒப்புக்கொள்கிறேன். அவர் அப்போது விழித்துத்தான் இருந்தார்.

“நெஞ்சு வலிக்குது ஜந்தீரா. டாக்டர வரச் சொல்லு.”

“சொல்றேன். மொட்டு நிறம் கட்டிடுச்சு. இப்பப் போய் ஆளுங்க வந்து கதவத் தொறந்து லைட்டடிச்சா எல்லாம் கொட்டிடும்.”

“கொஞ்சம் தண்ணியாவது குடு.”

“காலையில.”

“இப்பக் காலை இல்லையா?”

இல்லை என்று சொன்னேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ரொஜேரியோவுக்குப் போன் செய்து, மொட்டு விட்டிருக்கிறது, வார முடிவில் விரிந்துவிடும் என்றேன்.

“அக்டோபர்ல எப்படிம்மா பூக்கும்?”

“நான் பூக்க வச்சேன். வருவியா?”

“அப்பாகிட்ட குடு.”

“தூங்கறார்.”

“சனிக்கிழமை மொத பஸ்ல வர்றேன்” என்றான். மொத பஸ், ஐயா. மே மாதத்தில்கூட அவன் மதிய பஸ்ஸில்தான் வருவான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலியோரம் போய் லூர்தெஸிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை காப்பி எடுத்துக்கொண்டு போனேன். அதெமாரின் கை சுவரைப் போலக் குளிர்ந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டீர்களே எனக்கு எப்போது தெரியும் என்று. அப்போதே தெரியும். அலமாரி மேல் பார்த்தேன். மூன்று மொட்டுகள் இதழ் பிரித்திருந்தன. மற்றவை நாளைக்கு விரியும்.

யோசித்துத்தான் செய்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும். நம் ஊரில் செத்த மறுநாளே புதைத்துவிடுவோம். ரொஜேரியோ சாவுக்கு ஓடிவந்து சாவோடு போயிருப்பான். பூவுக்கென்று வந்ததாக ஆகாது. இத்தனை மாதம் நான் பட்ட பாடெல்லாம் எதற்கு? அதனால் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன், அவர் கண்ணை மூடிவிட்டேன், கதவைச் சாத்தினேன். அன்றைக்கு மதியம் சோள மாவு கேக் செய்தேன், அவனுக்குப் பிடித்த பெருஞ்சீரகம் போட்டு. அவன் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகு பூவைப் பார்க்க வேண்டும், பிறகு நானே சொல்லியிருப்பேன். மறைக்கிற எண்ணம் எனக்கில்லை.

சனிக்கிழமை அவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அப்பா எங்க?”

“உக்காருடா மொதல்ல. கேக் இருக்கு.”

அவன் பின்னறைக்கு நடந்தான். நான் கையைப் பிடித்தேன். மெதுவாத் தொற, அசைஞ்சா பூ கொட்டிடும் என்றேன். அவன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய், இருட்டில் தடவி, ஜன்னல் துணியை ஆணியோடு பிய்த்தான். வெயில் உள்ளே வந்தது. எல்லாம் விரிந்திருந்தது ஐயா. தொட்டியே தெரியாத அளவுக்குப் பூ. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தகப்பன் முகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். ரொம்ப நேரம் கழித்து, பல்பு எங்கே, ரேடியோ எங்கே, போன் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன். உங்களிடம் சொன்ன மாதிரிதான் சொன்னேன்.

“எல்லாம் நீ வரணும்னுதான்டா. பூத்தாத்தானே நீ வருவ.”

“பூவா? மே மாசம் அப்பாவோட பொறந்த நாளும்மா. அதுக்குத்தான் வருவேன்.”

“பூக்காத வருஷம் நீ வரலையே.”

“அந்த மே மாசம் அவர் ரியோ ஆஸ்பத்திரியில இருந்தார். நான் தினம் அங்கதான் போனேன். உனக்கே தெரியும்.”

அப்புறம் அவன்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. துக்கத்தில் மனிதர்கள் ஏதாவது சொல்வார்கள், செய்வார்கள். அதெமாரின் பிறந்தநாள் மே மாதம்தான், உண்மைதான், வருடா வருடம் நான்தான் கேக் செய்தேன். ஆனால் ஒரு கிழவரின் பிறந்தநாளுக்காக யார் மலையேறி வருவார்கள்? அவன் மனசுக்கே தெரியாமல் அந்தப் பூவுக்காகத்தான் வந்துகொண்டிருந்தான். பெற்றவளுக்குத் தெரியாதா?

தண்ணீர் கொடுக்காதது நான். டாக்டரைக் கூப்பிடாதது நான். செத்த பிறகு ஒரு நாள் கதவைச் சாத்தி வைத்ததும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் எழுத்தர் பெண் தட்டச்சு செய்ததை வாசித்துக் காட்டியபோது ஒன்று விட்டுப்போயிருந்தது. மே மாதம் வந்தவன் அக்டோபரிலும் வந்தான். ஒரே வருடத்தில் இரண்டு தடவை என் மகன் வீட்டுக்கு வந்தான், அதுவும் முதல் பஸ்ஸில். அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.